உடையாத கிட்டார்

அவருடைய கைப்பையில் ஒரு பழைய ஐம்பது பைசா நாணயம் இருந்தது. செலவுக்கு அல்ல, தட்டிப் பார்ப்பதற்கு. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் கார்பன் இழைத் தகடு அச்சிலிருந்து வெளியே வந்ததும் முதலில் அந்த நாணயத்தைத்தான் எடுப்பார். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார். அடுக்குகள் நன்றாக ஒட்டியிருந்தால் 'டிங்' என்று கேட்கும். உள்ளே எங்காவது ஒட்டு விட்டிருந்தால் 'டொப்' என்று மொத்தையாகக் கேட்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுவார். அதன்பிறகுதான் பெரிய கருவிகள்.

எங்கள் துறையில் பலரும் இப்படித் தட்டுவது உண்டு. இவர் அதைப் பரிசோதனைக்கூடத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கான்டீன் தட்டு, பஸ் ஸ்டாப்பின் சிமென்ட் பெஞ்சு, சாலைக் கடைத்தெருவில் தர்பூசணி எல்லாவற்றையும் தட்டுவார். வேலையில் சேர்ந்த முதல் வாரம் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வாங்கி, அதையும் மெல்லத் தட்டினார்.

"கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?"

"கண்ணாடிதான் மேடம்."

"விழுந்தா என்ன ஆகும்?"

அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட கேள்வி அதுதான். மேடம் என்று கூப்பிட்டதற்கு, "பைல் கொண்டு வர்ற மாதிரி இருக்குடீ, அக்கான்னு சொல்லு," என்றார். அன்றிலிருந்து அக்கா. பெயரை இங்கே எழுதவில்லை. கரமனையில் அவருடைய அக்கிரகாரத் தெருவும் அந்த வீடும் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

நாற்பதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, பருத்திப் புடவை. கைக்கடிகாரம் முகப்பு கீறினாலும் உடையாத ரகம். சாப்பாட்டு டப்பா எவர்சில்வர், டம்ளர் எவர்சில்வர். கான்டீனில் கண்ணாடி கிளாஸில் டீ வந்தால், அதைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு கிளாஸை உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் டெக்னீஷியன் நெடுமங்காட்டு மலையாளி, ஓய்வு பெறுவதற்கு முன் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயராவது வைத்துவிட வேண்டும் என்று இருந்தவர். அவர் இவருக்கு வைத்தது 'ஸ்டீல் சேச்சி', ஸ்டீல் அக்கா.

ரெசின் கலக்கும் இயந்திரம் ஒன்று எங்களிடம் இருந்தது. மோட்டாரையும் தண்டையும் ஒரு சின்னப் பித்தளைப் பின் இணைத்திருக்கும். ரெசின் இறுகித் தண்டு மாட்டிக்கொண்டால் பின் முறிந்துவிடும், மோட்டார் தப்பிவிடும். டெக்னீஷியன் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து பின் வைத்திருப்பார். ஒருநாள் புதுப் பின்னை மாட்டிக்கொண்டே கேட்டார்: "சேச்சி, ஈ பின்னும் ஸ்டீலாக்கட்டே?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "பின் ஸ்டீலானா மோட்டார் போயிடும்," என்றார், கேள்விக்குப் பதில் சொல்லும் குரலில்.

இன்னொரு வாக்கியமும் அடிக்கடி சொல்வார். ஒரு பாகத்தில் விரிசல் வந்து, அங்கே கூடுதல் அடுக்கு போட்டுக் கெட்டிப்படுத்தினோம் என்றால், மறுமுறை சோதிக்கும்போது அந்த இடத்தைப் பார்க்கவே மாட்டார். "கெட்டி பண்ணின இடம் உடையாதுடீ. அதுக்குப் பக்கத்துல பாரு."

முதல் நவராத்திரிக்கு என்னைக் கொலு பார்க்கக் கூப்பிட்டார். கரமனையில் அந்தத் தெருவின் வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி, இரண்டு வீட்டுக்கு ஒரே சுவராக நிற்பவை. பக்கத்து வீட்டில்தான் அவர் தங்கை. அக்காவின் கணவருடைய தம்பிக்கே வாழ்க்கைப்பட்டவர். முதலில் தங்கை வீட்டுக் கொலுவைப் பார்த்தோம். படிக்கட்டு நிறைய மண் பொம்மைகள்: தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் தம்பதி. பிறகு அக்கா வீடு. அங்கே இருந்தவை மரப்பாச்சிகள், பித்தளை விளக்குகள், காகிதக் கூழ் பிள்ளையார், பிளாஸ்டிக் பசு, இடம் நிரப்புவதற்கு வெண்கலப் பானை. ஒரு மண் பொம்மைகூட இல்லை.

குங்குமம் வாங்க வந்த ஒரு மாமி படிகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "என்னடி இது, கொலுவா பாத்திரக்கடையா? விலையும் போட்டுட்டா வாங்கிண்டு போயிடுவேன்."

"மண்ணு நிக்கறதில்லை மாமி. ஈரம்," என்றார் அக்கா.

சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த தங்கையின் கை அப்படியே நின்று, பிறகு மீண்டும் நகர்ந்தது. ஒரே சுவர், ஒரே ஈரம், அங்கே மட்டும் எப்படி மண் நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. பழக்கதோஷம், அப்படித்தான் யோசிக்க வரும்.

கல்யாணத்தின்போது வந்த வீணை ஒன்று பரணில் கிடந்தது. குடம் பிளந்திருந்தது. அதற்கும் காரணம் ஈரம்தான்.

பாளையத்தில் தேவாலயக் கூடம் ஒன்றில் சனிக்கிழமைகளில் கிட்டார் வகுப்பு நடந்தது. அக்கா அதில் சேர்ந்தார். மற்ற மாணவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். "ஆன்ட்டி ஹோம்வொர்க் செய்தோ?" என்று கேட்டுவிட்டு அவர் நோட்டை எட்டிப் பார்ப்பார்களாம். ஏன் கிட்டார் என்று கேட்டேன்.

"வீணை வாசிச்சா எங்க தெருவுல ஒவ்வொருத்தரும் தப்பு கண்டுபிடிப்பா. எல்லாருக்கும் ராகம் தெரியும். கிட்டார்னா ஒருத்தருக்கும் தப்பு தெரியாது. சுகமா தப்பு பண்ணலாம்."

அவர் விரல் நுனிகளில் கோடு விழுந்திருந்தது. காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார். அந்த இரண்டு மாதம் அவர் நாணயத்தை எடுத்துத் தட்டியதே குறைவு. மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கிட்டார் ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றி எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தது. ஒட்டுவதற்கு. எங்களிடம் நல்ல பசை இருக்கும் என்பதால் எல்லோரும் வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவருவார்கள். அதில் புதிது இல்லை.

"சோபாவிலேர்ந்து விழுந்துடுத்து," என்றார். "சாரமில்லை." பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் சொல்வது. எது போனாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

நான் பெட்ஷீட்டைப் பிரித்தேன். உடைந்த பரப்பைப் பார்த்து உடைப்பு எங்கே தொடங்கியது என்று சொல்வதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. கிட்டார் விழுந்தால் பெரும்பாலும் தலைப்பகுதியிலோ கழுத்து சேரும் இடத்திலோ முறியும். இதில் கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல்பலகையின் நடுவில் விரிசல் தொடங்கி, எல்லாப் பக்கமும் ஓடியிருந்தது. விலா மரங்கள் உள்நோக்கி முறிந்திருந்தன. நடுவில் ஒரு பள்ளம், குதிகால் அளவு.

"அக்கா, இது விழுந்து உடைஞ்சதில்ல."

அவர் பசையின் இரண்டு குப்பிகளையும் எடுத்து வைத்து, கலக்கும் குச்சியைத் துடைத்தார். "எவ்வளவு நேரம் காயணும்? ராத்திரி முழுக்கவா?"

"அக்கா."

"தெரியறதோன்னோ. அப்பறம் எதுக்கு சத்தமா சொல்றே." குரலைத் தாழ்த்தினார். "என்னை ஒரு விரல் தொட்டதில்லை, கேட்டயா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. சாமான்தான். அதுவும் எல்லாச் சாமானும் இல்லை. நான் ஆசைப்பட்டு வெச்சிருக்கறது மட்டும். கோபம்கூட வராது அவருக்கு. சாந்தமா எழுந்து போவார்."

பிறகு, ஒரு சோதனை முடிவைச் சொல்வதுபோல் சொன்னார்: "அந்தாத்துல எனக்குன்னு ஒரு சாமான் முழுசா இருக்கணும். ஒண்ணு போரும்."

ஒட்டினோம். அது மறுபடி ஒலிக்கவில்லை. தட்டிப் பார்த்தார். டொப்.

கார்பன் இழையில் கிட்டார் செய்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தது நான்தான், தம்பானூர் அருகே ஒரு பிரவுசிங் சென்டரில். அமெரிக்காவில் இருந்த அவருடைய தம்பி நவராத்திரிக்கு முன்னால் வருவதாக இருந்தது. எதை வாங்கி வரச் சொல்வது என்று மதிய உணவு நேரங்களில் பேசினோம். கொஞ்ச நாளைக்கு எங்கள் வேலையில் மிக மகிழ்ச்சியான நேரம் அதுதான். பெரியவர்கள் புதிதாகக் கற்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தந்தி பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஏனென்றால் உயரம் கூடினால் விரல் வலிக்கும். கழுத்து எவ்வளவு பருமன், அவர் கை சிறியது. உடல் பெரிதாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் சுருதி நிற்குமா. ஒலி எப்படி. வகுப்பு வாத்தியாரான மாஷ், "மரத்தின்றெ நாதம் இதில் வராது," என்று சொல்லியிருந்தார்.

"அதெல்லாம் செரி," என்றார் அக்கா. "விழுந்தா?"

"ஒரு மீட்டர் உயரம்னு வெச்சுக்கலாமா?"

"மாடிப்படின்னு வெச்சுக்கோ."

சிலவற்றில் உடல் கார்பன், கழுத்து மரம். விலை குறைவு, ஒலியும் கொஞ்சம் இதமாக இருக்கும் என்று போட்டிருந்தது. வேண்டாம் என்றார். "ரெண்டு பொருள் சேர்ற இடம். அங்கேதான் போகும்." வேறொன்று மிக மெல்லிய பலகை, அழகான குரல். அச்செடுத்த தாளில் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு அதையும் தள்ளினார். கடைசியில் தேர்ந்தெடுத்தது சின்ன உடல், கழுத்தும் உடலும் ஒரே வார்ப்பு, தடித்த பலகை. தந்தி கொஞ்சம் உயரம்தான். கற்றுக்கொள்பவருக்கு இது ஏற்றதில்லை, விரல் புண்ணாகும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"விரல் சாரமில்லை," என்றார்.

கறுப்பாக, நெசவு தெரியும்படி வந்து சேர்ந்தது. உறையிலிருந்து எடுத்ததும் நாணயத்தால் முழுக்கத் தட்டினார். எல்லா இடத்திலும் டிங். டெக்னீஷியன் கேட்டார்: "சேச்சி, இது பாட்டு பாடுமோ, இல்லெங்கில் ராக்கெட்டில் வெச்சு விடணுமோ?" அன்று அவர் சிரித்தார்.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு கிட்டாரையும் வைத்திருந்தார். பூஜையில் வைத்ததை விஜயதசமி காலைவரை யாரும் தொடக் கூடாது. அவர் கணவர் அதில் மிகவும் கண்டிப்பானவர். அன்று மாலை நான் போனபோது அவரே கதவைத் திறந்தார். வெளுத்த வேஷ்டி, நெற்றியில் சந்தனம், தணிந்த குரல்.

"வாங்கோ, வாங்கோ. ஆபீஸ்ல எங்காத்துக்காரி ஒழுங்கா வேலை பாக்கறாளோ?"

என்னைக் கொலுவுக்கு அழைத்துப்போனார். கிட்டாருக்கு முன்னால் நின்று, தொடாமல், குனிந்து பார்த்தார்.

"கார்பனாமே. நீங்களும் சேர்ந்து தேடினேளாமே. உடையவே உடையாதாம்."

"சுலபமா உடையாது சார்."

"ஓஹோ." ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துப் புன்னகைத்தார். "பாக்கலாம்."

அக்கா எனக்கு வெற்றிலைபாக்கு எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

விஜயதசமியன்று தெருவில் சின்னக் குழந்தைகளுக்கு அரிசியில் எழுத வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இவரும் உட்கார்ந்து முதல் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினாராம். அடுத்த சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் காலை பரிசோதனைக்கூடத்துக்குள் நுழையும்போதே அவர் முகம் வேறாக இருந்தது. என்னை இயந்திரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஒண்ணும் ஆகலைடீ."

"எது?"

"மாடிப்படி. மேலேர்ந்து கீழ வரைக்கும். அப்பறம் எடுத்து இன்னொரு தரம். ஒரு கீறல், அவ்வளவுதான். சுருதி மட்டும் கொஞ்சம் இறங்கிடுத்து."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். கான்டீனில் எனக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். அவர் கணவர் மூன்றாவது படியில் நின்றுகொண்டு, கீழே கிடந்த கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்படி ஒரு முகத்தை அக்கா பார்த்ததே இல்லையாம். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார் என்றார். நாங்கள் இருவரும் பொருள்களின் உறுதியைப் படித்தவர்கள். ஒரு நல்ல சோதனை முடிவைக் கொண்டாடினோம்.

மழை விட்டுப் பனிக்காலம் வந்தபோது, நான்கு நாள் விடுப்புக்குப் பிறகு இடது கையில் மாவுக்கட்டோடு வந்தார்.

"பீரோக் கதவை சாத்தினார். கை அங்கே இருந்தது," என்றார். நாற்காலியில் உட்கார்ந்து, கட்டிய கையை மேசைமேல் வைத்தார். "கிட்டார் உள்ளே இருந்தது. எடுக்கப் போனேன்."

அவரே சொன்னார்:

"பக்கத்துல பாக்கணும்னு தெரியாதா நமக்கு? தினம் சொல்ற வார்த்தை."

அன்று மாலை பஸ் ஸ்டாப்புக்கு அவருடன் நடந்தேன். என் ஹாஸ்டலில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது என்றேன். வார்டனிடம் கேட்டுவிட்டேன் என்றேன். போலீஸில் சொல்லலாம், என்னோடு படித்த பெண் ஒருத்தி வக்கீல், அவளிடம் பேசலாம், அமெரிக்காவில் இருக்கும் அவர் தம்பிக்கு போன் பண்ணலாம். ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றதுல ஒண்ணும் தப்பில்லை. ஆனா எங்காத்து சுவரும் என் தங்கையாத்து சுவரும் ஒண்ணாக்கும். நான் ஒரு பக்கம் இடிச்சா அவ பக்கம் நிக்குமா? இவர் தம்பிக்கும் இதே சாந்தம்தான். இப்போ அவளுக்கு ஒண்ணும் இல்லை. கொலுவுல மண்ணு பொம்மை நிக்கறது."

பஸ் வந்தது. வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார்.

மோதிர விரல் சரியாகக் கூடவில்லை. மடங்குவதில்லை. வகுப்பு மாஷ் மூன்று விரலுக்கு ஏற்றபடி பாடங்களை மாற்றிக் கொடுத்தார். அக்கா வாசிப்பதை ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன், பரிசோதனைக்கூடத்தில், மதிய நேரம். சின்ன மெட்டு. ஓரிடத்தில் ஒரு சுரம் விட்டுப்போகும். அந்த இடத்துக்குப் பிறகு மீண்டும் சேர்ந்துகொள்ளும். டெக்னீஷியன்கூடத் தனக்குக் கொடுத்த டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டாரை இங்கேயே வைத்துவிடுங்கள், அலமாரி இருக்கிறது என்றேன். "இங்கே எல்லாமே முழுசாத்தான் இருக்கு," என்றார். "அங்கே இருக்கணும்." சாயங்காலம் உறையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நவராத்திரிக்கு முன், நான் நாகர்கோவிலுக்கு, என் வீட்டுக்குப் போகும் வெள்ளிக்கிழமை. என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஊருக்குத்தானே போறே? அங்கே மண்ணு பொம்மை கிடைக்குமோ?"

"கொலு பொம்மையா? கிடைக்குமே. உங்களுக்கா அக்கா?"

"ஆமாம். படி ரொம்பற அளவுக்கு வாங்கிண்டு வா. பாத்தா ஆசையா இருக்கணும். நான் ரொம்ப ஆசைப்பட்டு வெச்சிருக்கேன்னு பாக்கறவாளுக்குத் தோணணும்." என் மேசையை ஒரு விரலால் தட்டினார். "நன்னா சுட்டது வேண்டாம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் ரெசின் கலக்கும் இயந்திரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் முறிந்த பின்னைத் தட்டி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் புதுசு வாங்கிக்கலாம்," என்றார் அக்கா. "ஒண்ணும் பெரிய விலை இல்லையே." கைப்பையைத் திறந்து அந்த ஐம்பது பைசாவை என் கையில் வைத்தார். "தட்டிப் பாத்து வாங்கு."

நாகர்கோவில் வடசேரியில் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பொம்மைக் கடை. வயதான அம்மாள் ஒருவர் வைக்கோலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கிருஷ்ணன். தட்டினேன், டொப். எடுத்து வைத்தேன். செட்டியார், டிங், தள்ளினேன். செட்டியாரின் மனைவி, டொப். கல்யாண செட்டில் மாப்பிள்ளை மட்டும் கெட்டி. அதைத் தள்ளிவிட்டு அவனுக்குப் பதிலாக வேறு செட்டில் ஒரு மாப்பிள்ளையைத் தேடினேன்.

அந்த அம்மாள் கொஞ்சநேரம் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். "மக்கா, நீ மாறி எடுத்து வைக்கே. இந்தப் பக்கம் உள்ளதுதான் நல்லா வெந்தது. நீ எடுத்ததுல பாதி வேகலே. கைதவறிச்சுன்னா பொடிப்பொடியாப் போவும்."

"தெரியும்மா. அதுதான் வேணும்."

"என்னத்துக்கு?"

அடுத்த பொம்மையைத் தட்டினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, கடைசியாக ஒரு சரஸ்வதியை எடுத்து முன்னால் வைத்தார். வெள்ளைப் புடவை, மடியில் வீணை. வீணையின் தந்திகளைக்கூட மெல்லிய கறுப்புக் கோடுகளாக வரைந்திருந்தார்கள். முகம் அவ்வளவு அழகு.

தட்டினேன். தெளிவாக, நீளமாக ஒலித்தது. இன்னொரு இடத்தில் தட்டினேன். வீணையின் குடத்தில் தட்டினேன்.

"இத எடுத்துக்கோ மக்கா," என்றார் அந்த அம்மாள். "இது ஒரு காலமும் உடையாது."

நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு, சரஸ்வதியை இரண்டு கையாலும் எடுத்து, அவர் எடுத்த வைக்கோலுக்குள்ளேயே திரும்ப வைத்தேன்.